என்ஜினுக்கு எது குளிர்?

புனேயை ஒட்டியிருக்கும் போசரி தொழிற்பேட்டையில் மே மாத மதியம் வெயில் 38 டிகிரியைத் தொடும். அந்த மாதத்திலும், பெரிய தொழிற்கூடங்களின் பின்புறக் கொட்டகையில் ஓடாமல் நிற்கும் டீசல் ஜெனரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு மின் ஹீட்டர் பொருத்தியிருப்பதைக் காணலாம். என்ஜினைச் சுற்றி ஓடும் கூலண்டை ஏறத்தாழ 40 டிகிரியில் வைத்திருப்பதுதான் அதன் வேலை. மதியத்தில் தானாக அணைந்திருக்கும். இரவில் காற்று 22, 23 டிகிரிக்கு இறங்கியதும் மறுபடி எரியத் தொடங்கும். போசரியிலிருந்து நாசிக் சாலையில் வடக்கே போனால் சாக்கண், நாராயண்காவ், ஜுன்னர் என்று வயல்களும் கரும்பும் திராட்சையும் வந்துவிடும். அங்கே மார்கழி விடியலில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாட்களுண்டு. முப்பது, நாற்பது வயதான டிராக்டர்களை அந்தக் குளிரில் எந்த ஹீட்டரும் இல்லாமல்தான் கிளப்புகிறார்கள். வெயில் காயும் இடத்தில் ஹீட்டர் இருக்கிறது, பனி விழும் இடத்தில் இல்லை. தலைகீழாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில் தர்க்கம் உண்டு என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். பழைய டீசல் டிராக்டருக்குக் கூலண்ட் ஹீட்டர் மாட்டலாமா என்ற கேள்விக்கு விடை, அந்த ஊரின் குளிர்காலத்தைப் பார்த்து வருவதில்லை. கிளம்பிய என்ஜின் எவ்வளவு விரைவில் முழுப் பாரத்தை இழுக்க வேண்டும், அந்த என்ஜினின் உடல்நிலை எப்படி இருக்கிறது என்ற இரண்டையும் பார்த்துத்தான் வருகிறது.

குளிர் என்று நாம் சொல்வது நம் தோலின் கணக்கு. நீரால் குளிரும் டீசல் என்ஜின் ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியில் ஓடும்படி வடிவமைக்கப்பட்டது. பிஸ்டனுக்கும் லைனருக்கும் இடையே விட்ட இடைவெளி, எண்ணெயின் கனம், பீச்சிய எரிபொருள் ஆவியாகும் வேகம் எல்லாமே அந்த வெப்பநிலையை மனத்தில் வைத்துத் தீர்மானித்தவை. அந்த அளவுகோலில் 30 டிகிரியில் இருக்கும் போசரி என்ஜின் 55 டிகிரி பின்தங்கியிருக்கிறது. 10 டிகிரியில் இருக்கும் ஜுன்னர் என்ஜின் 75 டிகிரி பின்தங்கியிருக்கிறது. நமக்குக் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள தூரம், என்ஜினுக்கு ‘மிகவும் குளிர்’ என்பதற்கும் ‘இன்னும் கொஞ்சம் குளிர்’ என்பதற்கும் உள்ள தூரம் மட்டுமே. இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு வந்ததால் இந்த ஊருக்கு நல்ல வெப்பப் பதிவேடு உண்டு. அதில் மிகக் கீழான எண் 1935 ஜனவரியில் பதிவான 1.7 டிகிரி. அந்த விடியலைக்கூட ஒரு டீசல் என்ஜின் தாங்கக்கூடியதுதான். அப்படியானால் 10 டிகிரியில் பழைய டிராக்டர் ஏன் அடம்பிடிக்கிறது?

டீசல் என்ஜினில் பொறி வைக்கப் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பிஸ்டன் பதினேழில் ஒரு பங்காக நசுக்குகிறது. நசுங்கிய காற்று சூடாகிறது. அந்தச் சூட்டில் பீச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. எவ்வளவு சூடாகிறது என்பதை எளிய சூத்திரம் ஒன்றால் கணக்கிடலாம். தொடக்க வெப்பநிலையை கெல்வினில் எடுத்துக்கொண்டு, நசுக்கும் விகிதத்தின் ஓர் அடுக்கால் பெருக்க வேண்டும். அந்த அடுக்கு எவ்வளவு என்பது, நசுக்கும் நேரத்தில் காற்றிலிருந்து எவ்வளவு வெப்பம் சுவருக்குப் போகிறது, எவ்வளவு காற்று ரிங் வழியே கசிகிறது என்பதைப் பொறுத்தது. ரிங்குகள் நன்றாக அடைத்து, செல்ஃப் மோட்டார் விறுவிறுவெனச் சுழற்றும் என்ஜினுக்கு அடுக்கை 0.35 என்று கொள்வோம். 30 டிகிரிக் காற்று அதில் ஏறத்தாழ 544 டிகிரிக்கு ஏறும். 10 டிகிரிக் காற்று 490 டிகிரிக்கு ஏறும். காலநிலை பறித்துக்கொண்டது 54 டிகிரி. இப்போது ரிங் தேய்ந்து, பேட்டரி நைந்து, மெதுவாக முனகிச் சுழலும் என்ஜினை எடுத்து, அடுக்கை 0.25 என்று வைப்போம். அதே 10 டிகிரி விடியலில் அதன் காற்று 302 டிகிரியோடு நின்றுவிடும். என்ஜினின் தேய்மானம் பறித்தது 188 டிகிரி. கணக்கை மைனஸ் 20 டிகிரிக்கும் நீட்டிப் பார்க்கலாம். லடாக்கின் குளிரில் நிற்கும் நல்ல என்ஜின் 409 டிகிரியை எட்டும். புனேயின் 30 டிகிரிக் கதகதப்பில் நிற்கும் தேய்ந்த என்ஜின் 342 டிகிரியைத்தான் எட்டும்.

இந்தக் கணக்கு எளிமைப்படுத்தியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உண்மை என்ஜினில் அடுக்கு ஒரே எண்ணாக நிற்பதில்லை. சுவர் குளிர்ந்திருந்தால் அது காற்றின் சூட்டை அதிகம் உறிஞ்சும், எண்ணெய் இறுகிச் சுழற்சியும் மந்தமாகும். ஆகவே குளிர் தானே அந்த அடுக்கையும் கொஞ்சம் கீழே இழுக்கிறது. இங்கேதான் ஹீட்டர் ஆதரவாளரின் வலுவான வாதம் வருகிறது. பிளாக்கைச் சூடாக்கினால் உள்ளே வரும் காற்றும் சூடாகும், சுவர் உறிஞ்சுவதும் குறையும், ஒரே செலவில் இரண்டு ஆதாயம். வாதம் உண்மையே. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். 10 டிகிரியிலிருந்த பிளாக்கை 40 டிகிரிக்கு ஏற்றினாலும் தேய்ந்த ரிங்கின் கசிவு அப்படியேதான் இருக்கும். 188 டிகிரிப் பள்ளத்தில் ஒரு பகுதியைத்தான் ஹீட்டர் நிரப்பும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். டீசல் எவ்வளவு எளிதாகப் பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் இன்று இந்தியாவில் குறைந்தது 51 இருக்க வேண்டும். 1990களில் அது 45 இருந்தால் போதும் என்றிருந்தது. அந்தப் பழைய டிராக்டர் தன் இளமையில் குடித்ததைவிட எளிதில் பற்றும் எரிபொருளைத்தான் இன்று குடிக்கிறது. இத்தனைக்குப் பிறகும் 10 டிகிரியில் அது கிளம்பவில்லையென்றால், குளிர் நோயைக் காட்டிக்கொடுத்திருக்கிறது என்றுதான் பொருள்.

நோய் எங்கே என்று தேடும்போது பலரும் நேராக ரிங்குக்குப் போய்விடுகிறார்கள்; ‘கம்ப்ரஷன் இறங்கிவிட்டது, என்ஜின் வேலை பார்க்க வேண்டும்’ என்ற தீர்ப்பு சீக்கிரம் வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேபிளைப் பார்ப்பது நல்லது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் 300 ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், பச்சை பூத்த ஒரு டெர்மினலோ துருவேறிய எர்த் இணைப்போ தரும் வெறும் 0.005 ஓம் தடை 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். 12 வோல்ட்டில் 1.5 போனால் சுழற்சி மந்தமாகும். சுழற்சி மந்தமானால் கசிவதற்கும் ஆறுவதற்கும் காற்றுக்கு நேரம் கிடைக்கும். மேலே சொன்ன அடுக்கு சரியும். பேட்டரியும் குளிரில் தன் வலிமையை இழக்கிறது. மைனஸ் 18 டிகிரியில் ஈய அமில பேட்டரி தரக்கூடிய சுழற்றும் திறன் பாதிக்கும் கீழே போய்விடும். 10 டிகிரியில் இழப்பு சிறிதுதான், என்றாலும் ஏற்கனவே நைந்த பேட்டரிக்கு அந்தச் சிறிதே போதும். கூலண்ட் ஹீட்டர் பேட்டரியைத் தொடுவதில்லை, எர்த் இணைப்பைத் தொடுவதில்லை, கீழே சம்ப்பில் கிடக்கும் எண்ணெயைக்கூடப் பெரிதாகச் சூடாக்குவதில்லை. எண்ணெயைப் பொறுத்தவரை இந்தியாவில் புழங்கும் 20டபிள்யூ-40, 15டபிள்யூ-40 எண்ணெய்களின் முதல் எண்ணே அவை மைனஸ் டிகிரிகளிலும் சுழற்ற இடம் கொடுக்கின்றனவா என்று சோதித்துத் தரப்பட்டது. தக்காணத்துக் குளிர் அவற்றின் எல்லைக்குள் வெகு உள்ளேதான் நிற்கிறது.

‘நோய் இருக்கட்டும், ஹீட்டர் போட்டால் வண்டி கிளம்புகிறதே, என்ஜின் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதானே’ என்பது அடுத்த கேள்வி. கடன்கட்டி விவசாயம் செய்பவர் கேட்கும்போது இதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஒரு பருவத்தை ஓட்டித் தீர்க்க ஹீட்டர் உதவும் என்பதை நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் எவற்றோடு ஒப்பிட்டு அதைச் சிறந்தது என்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஏர் கிளீனர் வாயில் எரியும் துணியைப் பிடிப்பது, ஈதர் திரவத்தைத் தெளிப்பது, இன்னொரு டிராக்டரைக் கட்டி இழுத்துக் கிளப்புவது என்று ஊர்தோறும் வழிகள் உண்டு. ஈதர் டீசலைவிட மிகக் குறைந்த சூட்டில், பிஸ்டன் மேலே வருவதற்கு முன்பே வெடிக்கும். சிலிண்டருக்குள் காற்றைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் செந்தணலாக இருக்கும் என்ஜினில் தெளித்தால் ரிங்கும் பிஸ்டனும் உடையும், தெளிப்பவர் முகத்துக்கும் ஆபத்து. இவற்றோடு ஒப்பிட்டால் கூலண்ட் ஹீட்டர் எவ்வளவோ மேல். ஆனால் ஹீட்டர் இல்லாமல் கிளம்பாத என்ஜின் மார்ச் மாதத்திலும் தேய்ந்த என்ஜின்தான். வெயில் வந்ததும் எளிதில் கிளம்பிவிடும், ஆகவே யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். எண்ணெய் குடிப்பதும் புகை கக்குவதும் டீசல் கூடுதலாகச் செலவாவதும் அடுத்த மார்கழி வரை தொடரும்.

ஹீட்டருக்கு ஆதரவாகச் சொல்லப்படும் இரண்டாவது பெரிய காரணம் தேய்மானம். ஒரே ஒரு குளிர்ந்த தொடக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சமமான தேய்மானத்தைத் தருகிறது என்ற வாக்கியம் பல வடிவங்களில் புழங்குகிறது. இதற்குப் பின்னால் ஒரு நல்ல ஆய்வு மரபு இருக்கிறது. 1930களில் பிரிட்டனின் ஆட்டோமொபைல் பொறியாளர் கழகத்தின் ஆய்வுக் குழுவுக்காக சி. ஜி. வில்லியம்ஸ் சிலிண்டர் தேய்மானத்தை அளந்தார். அதுவரை எண்ணெய்ப் பூச்சு இல்லாமல் உலோகம் உரசுவதுதான் தேய்மானம் என்று நினைத்தார்கள். சிலிண்டர் சுவரின் வெப்பநிலை ஓர் எல்லைக்குக் கீழே போனதும் தேய்மானம் செங்குத்தாக ஏறுவதை வில்லியம்ஸ் கண்டார். காரணம் வேதியியல். எரிந்த வாயுவில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் துளிகளாகப் படிகிறது. எரிபொருளின் கந்தகம் அதில் கரைந்து அமிலமாகிறது. அமிலம் இரும்பை அரிக்கிறது, அரித்த பரப்பை ரிங் சுரண்டி எடுக்கிறது. என்ஜினைச் சூடாக வைப்பதே மருந்து என்ற முடிவு அங்கிருந்து வந்தது. அது சரியான முடிவு.

அந்தக் காலத்து எண்களை அப்படியே இன்றைக்குக் கொண்டுவருவதில்தான் பிழை நேர்கிறது. 1990களின் தொடக்கத்தில் இந்திய டீசலில் கந்தகம் எடையில் 1 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்தது. அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 என்ற மாசு விதி வந்தபோது அது 50 ஆகவும், 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது 10 ஆகவும் ஆனது. ஆயிரம் மடங்கு குறைவு. நகரத்துக் காற்றுக்காகச் செய்த இந்தத் திருத்தம், ஜுன்னர் வயலில் நிற்கும் 1985ஆம் ஆண்டு டிராக்டரின் லைனருக்கும் நன்மை செய்திருக்கிறது. நீர்த்துளிகள் இன்றும் படியும். குளிர்ந்த என்ஜினில் எரியாத டீசல் வெண்புகையாக வெளியேறுவதோடு லைனர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு சம்ப்பிலும் இறங்கும். ஆகவே குளிர்ந்த தொடக்கம் தீங்கே இல்லை என்று சொல்ல முடியாது. அந்தத் தீங்கின் மிகப் பெரிய பகுதி எரிபொருளிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது என்று சொல்லலாம்.

இப்போது போசரி ஜெனரேட்டருக்குத் திரும்பலாம். இந்த வட்டாரம் டீசல் என்ஜினோடு சேர்ந்து வளர்ந்தது. கிர்லோஸ்கர் ஆயில் என்ஜின்ஸ் 1946இல் கட்கியில் தொடங்கியது. கம்மின்ஸ் 1962இல் கோத்ரூடுக்கு வந்தது. போசரியிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் 1967இலிருந்து இருக்கிறது. மகாராஷ்டிரம் கடும் மின்பற்றாக்குறையில் தவித்த 2006இல், ‘புனே மாதிரி’ என்று பெயர் பெற்ற ஓர் ஏற்பாட்டை இங்குள்ள தொழில்துறை முன்வைத்தது. தொழிற்சாலைகள் தங்கள் சொந்த ஜெனரேட்டர்களை ஓட்டிக்கொண்டு, தங்களுக்கு வரவேண்டிய மின்சாரத்தை நகருக்கு விட்டுக்கொடுக்கும். அதற்கான கூடுதல் செலவை நகரத்து நுகர்வோர் ஒரு தனிக் கட்டணமாகப் பகிர்ந்துகொள்வார்கள். ஒரு நகரத்தின் மின்விளக்கே தொழிற்கூடக் கொட்டகைகளில் நிற்கும் என்ஜின்களை நம்பியிருந்த காலம் அது. அப்படிப்பட்ட என்ஜின் கிளம்பினால் மட்டும் போதாது, கிளம்பிய சில வினாடிகளில் முழுப் பாரத்தையும் தோளில் வாங்க வேண்டும். அவசர மின்சாரத்துக்கான அமெரிக்க விதிமுறையான என்.எஃப்.பி.ஏ. 110, மிகக் கண்டிப்பான பிரிவில் மின்தடை வந்த 10 வினாடிக்குள் மின்சாரம் திரும்ப வேண்டும் என்கிறது. அதற்காகவே கூலண்ட் 32 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்றும் சொல்கிறது. வெளியே கோடையா குளிரா என்ற பேச்சே அதில் இல்லை.

10 வினாடியில் என்ன ஆகிறது என்பதை உலோகத்தின் விரிவாக்கம் சொல்லும். பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 20 மைக்ரான் விரியும். லைனர் வார்ப்பிரும்பு, ஏறத்தாழ 11 மைக்ரான்தான் விரியும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் உடல் பாரம் ஏறியதும் சட்டென 60 டிகிரி சூடானால் அது 0.12 மில்லிமீட்டர் பருக்கும். கூலண்ட் சூழ்ந்த லைனர் அந்த நேரத்தில் 15 டிகிரிதான் ஏறியிருந்தால் 0.017 மில்லிமீட்டர் விரிந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே விட்டிருந்த இடைவெளியே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றுதான். பிஸ்டன் லைனரைக் கவ்வும் அபாயம் இங்கேதான் பிறக்கிறது. லைனரை முன்கூட்டியே விரித்து வைத்திருப்பதுதான் போசரி ஹீட்டர் செய்யும் வேலை. இதற்கு விலையும் உண்டு. ஒரு கிலோவாட் ஹீட்டர் பாதி நேரம் மட்டும் எரிந்தாலே ஆண்டுக்கு 4,380 யூனிட் ஆகிவிடும். ஆண்டில் சில மணி நேரமே ஓடும் ஜெனரேட்டருக்கு இது வீண் என்று கணக்காளர் சொல்லலாம். அறுவை அரங்கோ, நடுவில் நின்றால் கெட்டுப்போகும் உலையோ அதன் பின்னால் இருந்தால் வீணில்லை. ஒரு நிமிடம் பொறுக்கக்கூடிய சாதாரணப் பட்டறையில் அது வீண்தான் என்பது என் கருத்து.

டிராக்டருக்கு அந்த 10 வினாடிக் கட்டாயம் இல்லை. கிளம்பிய பின் இரண்டு, மூன்று நிமிடம் மிதமான வேகத்தில் விட்டு, பிறகு பாரமில்லாமல் வரப்புவரை ஓட்டினால் பிஸ்டனும் லைனரும் ஒன்றாகவே சூடேறும். நெடுநேரம் நின்ற இடத்தில் உறுமவிடுவதும் தேவையில்லை. பாரமில்லாத டீசல் என்ஜின் மிக மெதுவாகத்தான் சூடாகும், அதுவரை எரியாத டீசல் லைனரைக் கழுவிக்கொண்டே இருக்கும். இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. புனே மாவட்டத்தில் நவம்பரில் சர்க்கரை ஆலைகள் அரைவையைத் தொடங்கினால், கரும்பு ஏற்றிய இரட்டை டிரெய்லர்களோடு டிராக்டர்கள் இருட்டிலேயே புறப்படுகின்றன. கிளம்பிய உடனே பல டன் பாரம். இந்த டிராக்டர் ஜெனரேட்டரின் உறவுக்காரன், வயலில் உழும் டிராக்டரின் உறவுக்காரன் அல்ல. தக்காணத்தில் பழைய டிராக்டர் ஒன்றுக்கு ஹீட்டர் போட நியாயம் இருக்குமானால் இதற்குத்தான் இருக்கிறது.

ஆனால் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன்: அந்த என்ஜினில் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறதா? என்ஜின் ஏறத்தாழ 80 டிகிரியைத் தொடும் வரை கூலண்டை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பது இந்தச் சிறு வால்வு. எப்போதோ ஒருமுறை அது சிக்கி வண்டி கொதித்தால், பட்டறையில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ‘இனிமேல் சூடே ஆகாது’ என்று அனுப்பிவிடும் வழக்கம் நாடு முழுவதும் உண்டு. சொன்னது உண்மைதான், இனிமேல் சூடே ஆகாது. குளிர்காலத்தில் இலகுவான வேலையில் அந்த என்ஜின் நாள் முழுவதும் 50, 55 டிகிரியிலேயே ஓடும். ஹீட்டர் காப்பாற்றுவதாகச் சொல்லும் முதல் ஐந்து நிமிடக் குளிர், வால்வு இல்லாத என்ஜினுக்கு எட்டு மணி நேரம் நீள்கிறது. வில்லியம்ஸ் கண்ட எல்லைக்குக் கீழேயே அது வாழ்நாளைக் கழிக்கிறது. எண்ணெயில் நீர் சேர்கிறது, டீசல் கூடுதலாகப் போகிறது. கூலண்ட் ஹீட்டரைவிட மிக மலிவான வால்வு அது. அதைத் திரும்பப் போடாமல் ஹீட்டர் வாங்குவது, கூரையில்லாத வீட்டுக்குக் கம்பளி வாங்குவது போலாகும்.

ஹீட்டர் பிறந்த இடத்தைப் பார்த்தால் அது எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்பது புரியும். அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்து கிராண்ட் ஃபோர்க்ஸில் மின் கூட்டுறவுச் சங்கத்தை நடத்திய ஆண்ட்ரூ ஃப்ரீமன், என்ஜின் ஹெட்டை இறுக்கும் போல்ட் ஒன்றுக்குப் பதிலாகச் சூடாகும் போல்ட்டை முறுக்கும் யோசனைக்கு 1949இல் காப்புரிமை பெற்றார். மைனஸ் 30 டிகிரி சாதாரணமான ஊர் அது. கிராமங்களுக்கு அப்போதுதான் மின்கம்பி போய்க்கொண்டிருந்தது. குளிர், மின்சாரம் இரண்டும் ஒரே இடத்தில் கூடிவந்தபோது இந்தக் கருவி வந்தது. இந்தியாவில் அந்தக் குளிர் லடாக்கில், ஸ்பிதியில், காஷ்மீரின் மேடுகளில் உண்டு. அங்கே ஹீட்டர் உண்மையில் தேவை, ஆனால் அது மட்டும் போதாது. இந்தியத் தரக் குறியீட்டின்படி குளிர்காலச் சாதாரண டீசலின் பாய்வு எல்லை 3 டிகிரி. அதற்கும் கீழே மெழுகு பிரிந்து வடிகட்டியை அடைத்துவிடலாம். டாங்குக்குக் கீழே நெருப்பு மூட்டும் அபாயகரமான வழக்கம் அங்கிருந்து வந்தது. மைனஸ் 33 டிகிரி வரை பாயும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் பானிபட் சுத்திகரிப்பாலையிலிருந்து லடாக்குக்கு அனுப்பத் தொடங்கிய பிறகுதான் அங்கே என்ஜினைச் சூடாக்குவதற்கே முழுப் பொருள் வந்தது. தமிழ்நாட்டில் உறைபனி விழும் தலைக்குந்தாவிலும் ஊட்டியிலும் வெப்பநிலை பூச்சியத்தை ஒட்டி நிற்கும். நல்ல பேட்டரியும் ஒழுங்கான ஹீட்டர் பிளக்கும் அங்கே போதும்.

மாட்டுவது என்று முடிவு செய்தவர் முதலில் டிராக்டர் எதுவென்று பார்க்க வேண்டும். 1959இலிருந்து ஃபரீதாபாத்தில் உருவான பழைய ஐஷர் டிராக்டர்களின் என்ஜின் காற்றால் குளிர்வது. அதில் கூலண்டே இல்லை, சம்ப்பில் ஒட்டும் சூட்டுப் பட்டைதான் வழி. கூலண்ட் உள்ள என்ஜினில் மூன்று இடங்களில் ஹீட்டரைச் சேர்க்கலாம். பிளாக்கின் பக்கத்தில் இருக்கும் வெல்ச் பிளக்குகளில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த ஓட்டையில் மின்சுருளைச் செருகுவது மிகச் சிக்கனமான வழி, சூடும் நேராகப் பிளாக்குக்குப் போகும். ரேடியேட்டரின் கீழ் ஹோஸை வெட்டி நடுவில் ஹீட்டர் குழாயைப் பொருத்துவது எளிய வழி, ஆனால் சூட்டில் கொஞ்சம் ரேடியேட்டரிலேயே வீணாகும். மூன்றாவது போசரி ஜெனரேட்டர்களின் முறை: தனி உருளை, அதன் நுழைவாய் பிளாக்கின் அடியில் உள்ள வடிகால் துளையோடும், வெளிவாய் ஹெட்டுக்கு அருகே உயரமான துளையோடும் இணையும். சூடான நீர் மேலே ஏறுவதால் பம்பு இல்லாமலே சுழற்சி நடக்கும். ஹோஸ் வழியில் எங்கும் மேலெழுந்து வளைந்து காற்றுக் குமிழைப் பிடித்துவைக்கக் கூடாது. உருளை என்ஜினைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். எந்த முறையானாலும் கூலண்ட் நிரப்பி, என்ஜினை ஓட்டிக் காற்றை வெளியேற்றிய பிறகுதான் மின்சாரம் கொடுக்கலாம். நீரில் மூழ்காத மின்சுருள் விரைவில் கருகும்.

இந்தியப் பழைய டிராக்டர்களுக்கென்று இரண்டு அபாயங்கள் உண்டு. ஒன்று நீர். ரேடியேட்டரில் கிணற்று நீரையே ஊற்றும் பழக்கத்தால் பல பிளாக்குகளின் உட்புறம் உப்புப் படிந்திருக்கும். அந்த நீரில் மின்சுருளை வைத்தால் முதலில் அதன்மேல்தான் உப்பு படியும். படிந்த உப்பு சூட்டை வெளியே விடாது, சுருள் தானே வெந்து வெடிக்கும். ஜாக்கெட்டைக் கழுவி, துருத்தடுப்பு கலந்த கூலண்டை நிரப்புவது ஹீட்டர் வேலையின் முதல் பாதி. இரண்டாவது அபாயம் உயிரைத் தொடுவது. டிராக்டர் ரப்பர் டயர்மேல் நிற்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஹீட்டர் சுருளின் உறை விரிசல் விட்டால் 230 வோல்ட் என்ஜின் வழியாகச் சேசிஸ் முழுவதும் பரவி, தரைக்கு இறங்க வழியில்லாமல் காத்து நிற்கும். ஃபியூஸ் போகாது, விளக்கு மங்காது. பனியில் நனைந்த தரையில் வெறுங்காலோடு வந்து படியைத் தொடுபவர்தான் அதற்கு வழியாவார். எர்த் கம்பி உள்ள மூன்று முனைப் பிளக், கொட்டகையில் சோதித்துப் பார்த்த எர்த், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இந்த மூன்றும் இல்லாத கொட்டகையில் கூலண்ட் ஹீட்டரை மாட்டவே கூடாது.

எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பதில் பலர் மிகையாகப் போகிறார்கள். 250 கிலோ வார்ப்பிரும்பும் 10 லிட்டர் கூலண்டும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற ஏறத்தாழ 155 கிலோஜூல் வேண்டும். 30 டிகிரி ஏற 4,650 கிலோஜூல், அதாவது 1.3 யூனிட். இழப்பையும் சேர்த்தால் ஒரு கிலோவாட் ஹீட்டருக்கு இரண்டு மணி நேரம் தாராளம். அதற்குமேல் போவதெல்லாம் கொட்டகையைச் சூடாக்கத்தான். இரவு பத்துக்குப் போட்டு விடியற்காலை ஆறுக்கு எடுப்பவர் 8 யூனிட் செலவழித்து 2 யூனிட்டின் பயனைப் பெறுகிறார். ஒரு டைமர் சுவிட்ச் அந்த வீணைத் தடுக்கும். கரும்பு டிரெய்லர் இழுக்கும் டிராக்டர் நான்கு மணிக்குப் புறப்பட வேண்டுமென்றால் டைமரை இரண்டு மணிக்கு வைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் அந்த ஊர்க் கம்பியில் மின்சாரம் இருக்குமா என்று பார்த்துவிட்டு ஹீட்டர் வாங்கக் கிளம்பலாம்.